நாலு கட்டிக்கும் நீலப் பெயிண்ட்

படகு பழுதுபார்க்கும் பட்டறையில் அவளை எல்லோரும் 'சாயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயிண்டர் அம்மாவின் மகள். பிரஷ் கையில் கிடைத்தால் சும்மா இருக்கமாட்டாள். போன வாரம் வாட்ச்மேனின் நாற்காலிக்குப் பச்சை அடித்தாள். அது காய்வதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சனிக்கிழமை. ஓர் இரும்புப் படகுக்கு அம்மா நீலப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தாள். மாலையில் அதைக் கடலில் இறக்க வேண்டும். அம்மா சாப்பிடப் போனபோது, படகின் அடியில் நான்கு உலோகக் கட்டிகள் மட்டும் பெயிண்ட் இல்லாமல் இருப்பதைச் சாயம் பார்த்தாள். அம்மா மறந்துவிட்டாள் போலும் என்று நினைத்து, நான்குக்கும் நீலம் பூசினாள். படகின் நிறத்தோடு அவையும் கலந்துவிட்டன.

பெயிண்ட் காய்ந்த பிறகு கிரேன் வந்தது. ஆட்கள் படகைத் தூக்குவதற்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். படகிலிருந்து கழற்றி மூலையில் போட்டிருந்த பழைய கட்டி ஒன்றைச் சாயம் எடுத்துப் பார்த்தாள். செல்லரித்த மரம்போல இருந்தது. ஏன் இப்படி என்று கிரேன் ஓட்டும் மாமாவிடம் கேட்டாள்.

"அது துத்தநாகம். படகு துருப்பிடிக்காம இருக்க அது கரையுது," என்றார் அவர்.

வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. இரும்பு தன் எலக்ட்ரான்களை இழந்தால் துருப்பிடிக்கும். ஒட்டியிருக்கும் துத்தநாகம் தன் எலக்ட்ரான்களை இரும்புக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைந்துபோகும். ஆனால் அதற்குக் கட்டியின்மேல் கடல்தண்ணீர் பட வேண்டுமே. பெயிண்டுக்குள் மூடிக் கிடந்தால் எப்படிப் படும்? படகு துருப்பிடித்தால் பழி அம்மா தலையில்தான் விழும்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்குள் படகு ஒரு சாண் மேலே எழும்பிவிட்டது.

"மாமா, நிறுத்துங்க. அந்த நாலு கட்டிக்கும் நான் பெயிண்ட் அடிச்சுட்டேன்."

பட்டறையே திரும்பிப் பார்த்தது. சாப்பிட்டுத் திரும்பியிருந்த அம்மா குனிந்து பார்த்தாள். முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டு அடிச்சே?"

"யாரையும் கேக்கலம்மா. நானே சுரண்டி எடுத்துடறேன்."

"சாயம் வெளுத்துப்போச்சு," என்றார் வாட்ச்மேன். நாற்காலிக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

படகைப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். சாயம் உப்புத்தாளோடு உட்கார்ந்தாள். மூக்கிலும் காதிலும் நீலத் தூள். அம்மா கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு அவளும் ஓர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்காவது கட்டி பளபளத்தபோது சாயத்துக்குக் கை கழன்றுவிடும்போல இருந்தது.

கிரேன் மாமா தலையை வெளியே நீட்டினார். அம்மாவை விட்டுவிட்டுச் சாயத்தைப் பார்த்தார்.

"கடல்ல இறக்கலாமா?"

சாயம் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு கட்டியையும் தடவிப் பார்த்தாள்.

"இறக்குங்க மாமா," என்றாள்.