ஆற்றில் நனைந்த பாவாடை

டைனா சந்தைக்குள் ஓடி வந்தபோது ஹெஸ்டர் மிளகு சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எதிரே நின்று குடித்துக்கொண்டிருந்தவன் ஈனாக், அடிமைகளுக்காக வாதாடும் இளம் வக்கீல். ஆர்வம் ஏராளம், பொறுமை மருந்துக்கும் கிடையாது. பிலடெல்பியாவில் அவன் ஜெயித்த வழக்குகளில் பாதி இந்த அடுப்பு முன்னால் ஜெயித்தவைதான். அதை அவன் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

"நாளைக்குக் காலைல கப்பல், ஐயா. எசமான் என்னைத் திரும்ப சார்ல்ஸ்டனுக்கே கொண்டுபோறார்," என்றாள் டைனா.

"இங்க எப்ப வந்தீங்க?"

"அக்டோபர் மூணு."

"இன்னைக்கு ஏப்ரல் பத்து. வெளியூர் எசமான் ஆறு மாசத்துக்கு மேல இங்க வெச்சிருந்தா அடிமைக்கு விடுதலை. அப்புறம் என்ன?"

அந்த ஆறு மாதம் ஒரு பேரத்தில் பிறந்தது. அடிமைத்தனத்தை ஒழித்தே தீரவேண்டும் என்று ஒரு கூட்டமும், கை வைக்காதே என்று ஒரு கூட்டமும் சட்டசபையில் மல்லுக்கு நின்று, கடைசியில் ஆளுக்குப் பாதி என்று கைகுலுக்கிக்கொண்டன.

"நடுவுல ஒரு நாள், ஜனவரி இருபதாம் தேதி, ஆத்தைத் தாண்டி அடுத்த மாகாணம் நியூ ஜெர்சிக்குக் கூட்டிட்டுப் போனதா கோர்ட்டுல சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கார். அதனால நாள் மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பமாம். நான் போகவே இல்லீங்க. அந்த மாசம் பூரா அவர் கால் வீக்கத்தோட நெருப்புப் பக்கமே கிடந்தார். குளிர் ஆகாதுன்னு ஜன்னல் திரையைக்கூட விலக்க விடலை."

ஹெஸ்டரின் கரண்டி நின்றது. "அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் படிங்க, தம்பி."

ஈனாக் டைனாவின் கையிலிருந்த நகலை வாங்கிப் படித்தான். "படகில் சென்றோம். அலை அடித்து இவள் பாவாடை முழங்கால்வரை நனைந்தது." அவன் முகம் தொங்கிப்போனது. "பாவாடை நனைஞ்சதுவரைக்கும் சொல்றார். யாரும் நம்பிடுவாங்க."

"அவர் ஊர்ல நம்புவாங்க. அங்க ஆறு உறையாது. ஜனவரி மூணாவது வாரம் நான் எங்க கடை போட்டிருந்தேன்?"

ஈனாக் யோசித்தான். சட்டென்று கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஆத்து நடுவுல. ஐஸ் மேல. வண்டியெல்லாம் ஓடிச்சே. அக்கா, நீங்களே வந்து சாட்சி சொல்லிடுங்க."

"என்னைக் கூப்பிடாதீங்க. நீதிபதியையே கேளுங்க. அன்னைக்கு ரெண்டு கிண்ணம் குடிச்சார்."

பிற்பகலில் கோர்ட்டில் டைனாவின் எசமானர் அட்மோர் கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"ஜனவரி இருபதாம் தேதி அலை பெருசா?" என்று கேட்டான் ஈனாக்.

"ஆளுயரம்."

"படகுலதான் போனீங்களா?"

"பின்னே, ஆத்து மேல நடந்தா போவாங்க?"

கோர்ட்டே சிரித்தது. ஏன் என்று அட்மோருக்கு மட்டும் விளங்கவில்லை.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் நடந்துதான் போனேன், மிஸ்டர் அட்மோர். அந்த வாரம் ஊரே நடந்துதான் போச்சு."

அந்தி சாய்வதற்குள் டைனா விடுதலைக் காகிதத்தோடு சந்தைக்கு வந்துவிட்டாள். ஹெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஈனாக்குக்கும் கண் கலங்கியது.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

"அடிமையோட சாட்சி சுதந்திர ஆளுக்கு எதிரா செல்லாது, தம்பி. அதே சட்டத்துலதான் இருக்கு."

தினமும் அவள் கையால் சூப் வாங்கிக் குடிக்கிற ஈனாக், அவள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஆறு மாசமெல்லாம் வெளியூர்லேருந்து வந்தவளுக்கு. உள்ளூர் அடிமையைக் கெடு தேதிக்குள்ள சர்க்கார் ஏட்டுல பதிஞ்சுட்டா ஆயுசுக்கும் அடிமைதான். எங்க எசமானி என்னைப் பதிஞ்சுட்டா."

"பதிவுல எங்கயாவது தப்பு இருக்கும். நான் போய்ப் பாக்கறேன்."

ஹெஸ்டர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

"ஊரார் காகிதத்துல எல்லாம் தப்பு கண்டுபிடிக்கிறவ, என்னோடதைப் பாக்காம இருப்பேனா? ஆளை வெச்சு மூணு தடவை படிச்சாச்சு, தம்பி. ஒரு தப்புகூட இல்லை."