சிறுபாலம் இல்லாத இடம்

மழை இதோ வந்துவிட்டேன் என்று மூடிக்கொண்டு, வராமல் இழுத்தடிக்கும் ஐப்பசி மத்தியானம் அது. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், புதுப் புறவழிச்சாலையை ஒட்டியிருந்த அக்பர் பாஷாவின் லைன் வீடுகளுக்கு முன்னால் ருக்ஸார் ஸ்கூட்டியை நிறுத்தினாள். வரிசையாக அறைகள், முன்னால் ஒரு நீளமான சிமெண்டு வாசல். எதிரே, ஆள் உயரத்துக்கும் மேலாக மண் கொட்டி எழுப்பிய சாலை மேடு. மேலே லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. கீழே கொடியில் கம்பெனிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

வந்த வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சாலையால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு இரைச்சல், எவ்வளவு தூசி, மழைத்தண்ணீர் ஒழுங்காக வடிகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதித் தருகிற நிறுவனத்தில் அவள் சுற்றுச்சூழல் அலுவலர். சாலைக்கு மிகப் பக்கத்து வீட்டில் இரைச்சல் மீட்டரை வைத்துவிட்டு, சாயங்காலம் வரை அதற்குக் காவல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"கடைசி ரூம் காலியாத்தான் கெடக்குதும்மா, அங்க வெச்சுக்க," என்றார் அக்பர் பாஷா. "மத்த ரூமுல எல்லாம் நைட் ஷிஃப்ட் ஆளுங்க தூங்கறாங்க."

"வேற எடம் இல்லீங்களா, சாச்சா?"

"ஏன், அதுக்கென்ன?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டார்.

அதற்கென்ன என்பது ஊருக்கே தெரியும். போன வருஷ மழையில் பேச்சியம்மாள் செத்துப்போனது அந்த அறையில்தான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அவளுக்கு இரவு ஷிஃப்ட், புருஷன் அழகர்சாமிக்குப் பகல் ஷிஃப்ட். அவள் அசந்து தூங்கும் நேரம் பார்த்து யாராவது வந்து கதவைத் தட்டிவிடுவார்கள். அதனால் அவன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவான். பூட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்று யாரும் தட்ட மாட்டார்கள் அல்லவா? லைன் வீடுகளில் பலரும் செய்கிற காரியம்தான்.

அன்றைக்குப் பட்டப்பகலில் வெள்ளம் வந்தது. சாலை மேட்டில் முட்டிக்கொண்டு போக வழியில்லாத தண்ணீர், திரும்பி, இருப்பதிலேயே பள்ளமான அந்தக் கடைசி அறைக்குள் ஏறியது. ஓடினவர்கள் பூட்டைப் பார்த்தார்கள். உயிர் தப்புகிற அவசரத்தில் உள்ளே ஆள் இல்லை என்று நினைத்து ஓடிவிட்டார்கள். மழைச் சத்தத்திலும் லாரிச் சத்தத்திலும் அவள் தட்டியது யார் காதிலும் விழவில்லை.

பூட்டினவன் புருஷன்தானே என்று ஊர் பேசியது. விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள்.

ருக்ஸாருக்கு மட்டும் வேறொன்று தெரியும். சாலை போடுவதற்கு முன்னால், சித்திரை வெயிலில் இந்த இடத்தைப் பார்க்க வந்தவள் அவள். இந்த அறைகளை ஒட்டி ஒரு ஓடை போயிற்று. காய்ந்து, மாட்டு வண்டி போன தடம் மாதிரி கிடந்தது. உருண்ட கூழாங்கற்களையும் ஓரத்து நாணலையும் பார்த்தாலே மழைக்காலத்தில் அது எப்படி ஓடும் என்று தெரிந்தது. மேலாளர் ஜெகதீஷிடம் சொன்னாள்.

"ஓடைன்னு எழுதினா தண்ணி போக ரோட்டுக்கு அடியில சிறுபாலம் கட்டணும், டிசைன மாத்தணும், வேலை நிக்கும்," என்றார் அவர். "நீ போனப்ப தண்ணி ஓடுச்சா? இல்லேல்ல? அப்புறம் என்ன?"

அவளும் வண்டித்தடம் என்று எழுதிக் கொடுத்தாள். வேலை போய்விடுமோ என்ற பயம்தான். வேறு சாக்கு ஒன்றும் கிடையாது.

இன்றைக்கு இரண்டாவது பொய்யை எழுத வேண்டியிருந்தது. 'மழைநீர் வடிகால் திருப்திகரம்' என்று மாலைக்குள் அவள் அனுப்பிவிட்டால், சாலை போட்ட ஒப்பந்தக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்புறம் இந்த மேட்டை யாரும் தொடப்போவதில்லை. உண்மையை எழுதினாலோ பழைய பொய் முதலில் வெளியே வரும். பக்கத்து அறைகளில் மனுஷர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மழை தலைக்கு மேலே நின்றது.

கடைசி அறையின் கதவு திறந்தே கிடந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். என்ன அடித்து என்ன, ருக்ஸாரின் தோளுக்கும் மேலே சுவர் முழுக்க வெள்ளம் நின்ற பழுப்புக் கோடு அப்படியே தெரிந்தது. ஊறின பாயின் வாடை அடித்தது. கம்பி போட்ட ஜன்னலோரமாக முக்காலியை நிறுத்தி மீட்டரை ஓடவிட்டாள். லாரி போனால் எண் ஏறியது, லாரி போய்விட்டால் இறங்கியது. சரியாகத்தான் வேலை செய்தது.

கொஞ்ச நேரத்தில் சாலையில் வண்டிகளே இல்லாமல் போயின. காற்றும் நின்றது. பக்கத்து அறையில் யாரோ குறட்டை விடுவதுகூட நின்றுவிட்டது.

எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மீட்டருக்குக் கேட்டது.

கதவு மெதுவாக, தண்ணீர் தள்ளுகிற மாதிரி நிதானமாகச் சாத்திக்கொண்டது. அறை இருட்டாகியது.

டொக்.

டொக். டொக்.

வெளியிலிருந்து இல்லை. கதவின் உட்பக்கம். அவள் நின்றுகொண்டிருந்த பக்கம்.

ருக்ஸார் பாய்ந்து போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. பாதம் சில்லிட்டது. குனிந்து பார்த்தால் தரை காய்ந்த தரை. ஆனால் அந்தச் சில்லிப்பு கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு ஏறியது, இடுப்பைத் தொட்டது. அவள் கைக்குப் பக்கத்திலேயே, யாரும் இல்லாத இடத்திலிருந்து, தட்டுகிற வேகம் கூடிக்கொண்டே போனது. சில்லிப்பு நெஞ்சுக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது.

"ஓடை இருந்துச்சு," என்றாள். கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதாம விட்டேன்."

கதவு திறந்துகொண்டது. அவள் தடுமாறி வெளியே வந்தாள்.

வாசலில் அழகர்சாமி நின்றிருந்தான். ஷிஃப்ட் முடிந்து வந்தவன், கையில் டீ டம்ளர், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. கதவை ஒட்டின வாசலில் அவன் பாய் விரித்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"அண்ணா, வெளிய தாழ்ப்பாள் போட்டது நீங்களா?"

"தாழ்ப்பாளா?" அவன் கதவின் மேல் விரலை வைத்துக் காட்டினான். திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. "அன்னைக்கே பேத்து எறிஞ்சிட்டேன் மேடம். உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல."

"உள்ள இருந்து யாரோ தட்டினாங்க."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவள் தலையாட்டினாள்.

"ஒரு வருசமா இந்த வாசல்லதான் படுத்துக் கெடக்கேன்," என்றான் மெதுவாக. "ஒரு தடவ தட்டிற மாட்டாளா, ஓடிப்போயித் தொறந்துவிட்டுற மாட்டமான்னு. எனக்கு ஒரு நாளும் கேக்கல. பூட்டுன பாவிகிட்ட என்னத்தக் கேக்கிறதுன்னு விட்டுட்டா போல." அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு மட்டும் ஏன் மேடம் தட்டுனா?"

"தெரியலைண்ணா," என்றாள் ருக்ஸார்.

பாவி மகள், அந்த ஒரு வார்த்தையையாவது விழுங்கியிருக்கலாம்.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. டொக், டொக் என்று ஆரம்பித்தது. இந்தத் தடவை அழகர்சாமிக்கும் கேட்டது.

"பேச்சி, இந்தா வந்துட்டேன்," என்று பாய்ந்தான். தோளால் முட்டினான், விரலை இடுக்கில் விட்டு இழுத்தான். தாழ்ப்பாள் இல்லாத கதவு மலை மாதிரி நின்றது. "பூட்டல புள்ள, இன்னைக்கு நான் பூட்டல," என்று குழந்தை மாதிரி அழுதான். நகம் பிய்ந்து கதவெல்லாம் ரத்தக் கோடு விழுந்தது. தட்டுகிற சத்தம் தளர்ந்துகொண்டே வந்தது.

ருக்ஸாரின் கைப்பேசி அடித்தது. ஜெகதீஷ்தான். அவள் எடுக்கவில்லை.

அந்தக் கதவு எதற்குத் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவன் அழுவதைப் பார்த்து நின்றாள். நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

"அண்ணா, விடுங்க. பூட்டு இல்லண்ணா காரணம்," என்றாள். "நான்தான். இங்க ஓடை இருந்துச்சு. இல்லேன்னு எழுதிக் கொடுத்தேன். எழுதியிருந்தா ரோட்டுக்கு அடியில பாலம் கட்டியிருப்பாங்க. தண்ணி பாட்டுக்குப் போயிருக்கும். அவங்க தூங்கி எழுந்திருப்பாங்க."

அழகர்சாமியின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. இருட்டிலிருந்து தண்ணீர் வந்தது. செம்மண் கலங்கல், ஊறின பாயின் வாடை. நிலைப்படியைத் தாண்டி, இரண்டு பேரின் கால்களுக்கும் நடுவே நுழைந்து, முற்றத்தில் பழைய ஓடை போன தடத்திலேயே நெளிந்து போனது. சாலை மேட்டில் முட்டி நின்றது. வானத்திலிருந்து அதுவரை ஒரு சொட்டு விழவில்லை.

டொக்.

இப்போது அறையில் இல்லை. சாலைக்கு அடியில், மண் மேட்டுக்குள்ளே.

அழகர்சாமி அந்தத் தண்ணீரில் நடந்துபோய் மேட்டில் உள்ளங்கையை வைத்தான். காதை வைத்தான். பிறகு திரும்பி ருக்ஸாரைப் பார்த்தான். அவள் கையில் ஜெகதீஷின் அழைப்பு மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது.

"கதவு தொறந்துருச்சு மேடம்," என்றான். "இத யாரு தொறக்கிறது?"

மேட்டுக்குள் தட்டுவது நிற்கவில்லை.