புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒரு சீனக் கொழுக்கட்டை

"அப்பா இன்னைக்கும் லான்கிட்டப் பேசலீன்னா, சாயங்காலமே கெளம்பீருவோமுங்கம்மா... அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டோம்!"

விடிந்ததும் விடியாததுமாய்த் திருமூர்த்தி இப்படிச் சொல்லிவிட்டான். வள்ளியாத்தாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிங்கப்பூரில் சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்ட மகன், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் கணபதியிலுள்ள பிறந்த வீட்டு வாசலை மிதித்திருக்கிறான். அவள் கணவர் லேத்துப் பட்டறை நஞ்சப்பனோ மருமகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அப்படியென்ன வீம்போ அந்த மனுஷனுக்கு!

மருமகள் சியூ லானுக்குக் கோபமே இல்லை. மாமனாருக்குத் தன் ஊர்க் கொழுக்கட்டை செய்துகொடுக்க ஆசைப்பட்டு, அடுப்படியில் மைதாவைப் பிசைந்து வட்டம் வட்டமாய்த் தேய்த்தாள்.

"அத்தை, இப்படி... மடி, மடி, அமுக்கு."

"அட, சேலைக் கொசுவமாட்டத்தான் இருக்குது கண்ணு!"

வள்ளியாத்தாள் மடித்தது வாயைப் பிளந்தது. இருவரும் சிரித்தார்கள்.

மத்தியானம் பெருமாளுக்குப் படைத்தபின், இட்லிச் சட்டியில் வெந்த கொழுக்கட்டை நஞ்சப்பன் இலைக்கு வந்தது. கடித்தார். உள்ளே கறுப்பாய், மெத்தென்று ஏதோ பல்லில் பட்டது. அவ்வளவுதான்!

"கறியா...? சனிக்கெழம விரதத்துல என்ற இலைல கறி வெச்சுப்போட்டாளே!"

திருமூர்த்தி பெட்டியை எடுக்க எழுந்தான்.

கணவரின் ஆயுசுக்காக விரதம் இருப்பவள் வள்ளியாத்தாள். அவர் கடித்துப் போட்ட மிச்சத்தை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே மென்று விழுங்கினாள்!

"ஏ புள்ள... உனக்கென்ன பைத்தியமா?"

"காளானுங்க! காஞ்ச காளான்! மழை பேஞ்சா புத்தோரமாத் தேடிப் பொறுக்கீட்டு வருவீங்களே, அந்தச் சாதிதானுங்க. இதுக்குக் கறிதான் வெப்பாங்களாமா. சனிக்கெழம ஆகாது கண்ணுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னேன், உடனே காளானை ஊறப்போட்டுட்டா. நம்மகூட அவளும் விரதமுங்க... இன்னும் பச்சைத்தண்ணி பல்லுல படல! எம்பையன் ஊட்டை உட்டுப் போனப்ப வாயை மூடீட்டு அழுதேன். இன்னொருக்கா என்னால ஆகாதுங்க..."

வள்ளியாத்தாள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நஞ்சப்பன் எழுந்து கைகழுவி வந்து, தன் கையாலேயே ஓர் இலையைப் போட்டார். அதில் கொழுக்கட்டைகளை எடுத்து வைத்தார்.

"அம்மணி..."

லான் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"மொதல்ல நீ சாப்பிடு கண்ணு. எம்மேல தப்பு... பட்டினியா இருக்காதே. உண்டுபோட்டு, எனக்கும் இந்த மடிப்பைச் சொல்லிக்குடு."

லானுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும் என்பதுபோல், "சரிங்க மாமா" என்றாள். சொல்லும்போதே பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. வள்ளியாத்தாள் அவளை அப்படியே மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

திருமூர்த்தி பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தான்.