விரல் நுழையாத இடைவெளி

"யோவ்! பம்பை விடுய்யா! எவ்ளோ நேரமா அதைக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிற?"

தூறலில் நனைந்தபடி அடிபம்பின் கழுத்தை அளந்துகொண்டிருந்த தணிகாசலம் திடுக்கிட்டுத் திரும்பினான். எதிரே, இடுப்பில் குடத்துடன் ஒரு பெண். கோபத்தில் அகன்ற கண்கள்... இமை நுனியில் நடுங்கும் ஒரு மழைத்துளி. சொல்ல வந்ததெல்லாம் அவனுக்கு மறந்தே போயிற்று.

"அஞ்சு நிமிஷங்க... நான் சென்னைத் தர நிர்ணய ஆபீஸ்லேர்ந்து வரேன். பம்பு எப்படி இருக்கணும்னு நாடு முழுக்க ஒரே விதி வரப்போகுது. வரைவு போட்டாச்சு. ரெண்டு மாசம் எல்லார்கிட்டயும் கருத்து கேக்கறோம், அதுல ஒரு மாசம் போயிடுச்சு."

"எல்லார்னா?"

"பம்பு செய்யறவங்க, வாங்கற ஆபீஸ்காரங்க, இஞ்சினியருங்க..."

"தண்ணி அடிக்கிறவங்க?"

அவன் கையிலிருந்த வரைவைப் புரட்டினான். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பென்னலூர் தாண்டவராயனின் மகள் கங்கா. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். 1979-ஆம் வருட ஐப்பசி மழையில், பக்கத்து டீக்கடைக் கூரைக்குக் கீழே, ஆங்கில வரைவை அவன் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டாள். கைப்பிடிக்கும் பம்பின் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று அவன் படித்தபோது, "நிறுத்துங்க" என்றாள்.

தாவணிக்குள் மறைத்திருந்த இடது கையை வெளியே எடுத்தாள். இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன.

"ஆறு வயசுல... பம்பை யாரோ அடிச்சிக்கினு இருந்தாங்க. நான் அந்தச் சந்துல விரலை வுட்டுட்டேன்."

அவன் கண்கள் கலங்கின. அவளுக்குச் சுருக்கென்றது.

"பரிதாபம்லாம் வேணாம். அந்தச் சந்தை மூடணும்னு எழுதிக்கோங்க."

"நான் எழுதினா செல்லாதுங்க. நீங்கதான் எழுதணும். உங்க பேரு, ஊரு, என்ன நடந்துச்சுன்னு... கையெழுத்தோட."

அவள் முகம் வாடியது. குன்றத்தூரிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, அந்தக் கையை வெளியே எடுக்கவே கூடாது என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார்.

அன்று மாலையே தாளும் பேனாவுமாக அவள் உட்கார்ந்ததைப் பார்த்துத் தாண்டவராயன் கொதித்தார். "இன்னாடி இது? ஊரு ஒலகத்துக்கெல்லாம் எழுதிப் போட்டா உன்னை எவன் கட்டுவான்?"

"வெரலு போனது என் தப்பு இல்லப்பா. அதை மறைச்சிக் கட்டிக்கினாதான் தப்பு."

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசில் கடிதத்தை அவளே போட்டாள். குன்றத்தூருக்கும் எல்லாவற்றையும் எழுதி ஒரு கார்டு. அந்த வரன் அதோடு நின்றது. அப்பா அவளோடு பேசுவதையும் நிறுத்தினார்.

ஒரு மாதம் கழித்துக் குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. கருத்து எழுதியவரை நேரில் கேட்க வேண்டும் என்று தணிகாசலம் மேலதிகாரியிடம் மூன்று முறை மன்றாடியது அவளுக்குத் தெரியாது.

சென்னையில் நீண்ட மேஜை. பத்துப் பன்னிரண்டு ஆண்கள். பம்பு செய்யும் முதலாளி ஒருவர் சலித்துக்கொண்டார். "இடைவெளியை மூடணும்னா வார்ப்பு அச்சையே மாத்தணும். ஏதோ ஒரு பொண்ணு எழுதிட்டான்னு..."

கங்கா எழுந்தாள். இடது கையை மேஜைமேல் வைத்தாள்.

"அச்சை மறுபடி வார்த்துக்கலாங்க. இதை வார்க்க முடியுமா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் பேனாவை எடுத்தார். "கைப்பிடியின் எந்த நிலையிலும் குழந்தையின் விரல் நுழையாதபடி இடைவெளி மூடப்பட வேண்டும்... இப்படி மாத்தி எழுதலாம். ஆட்சேபணை உண்டா?" யாரும் கை தூக்கவில்லை.

வெளியே மழை கொட்டியது. பஸ் நிறுத்தம்வரை அவன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். குடை முழுக்க அவள் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"நீங்க ஏன் நனையறீங்க? இதுவும் பரிதாபமா?" சீண்டினாள்.

"பரிதாபம்னா அன்னிக்கே உங்களுக்குப் பதிலா நானே எழுதியிருப்பேன்." அவன் குடையைக் கை மாற்றிப் பிடித்தான். "உங்களைப் பார்த்தா எனக்கு பயங்க... அந்தக் கண்ணைப் பார்த்த நாள்லேர்ந்து. ஆனா அந்த பயம் இல்லாம இருக்கவும் முடியல. ஒருநாள் வந்து உங்கப்பாகிட்ட பேசட்டுமா?"

அடிப்பாவி மனசே... ஏன் இப்படி அடித்துக்கொள்கிறாய்?

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "என்னன்னு?"

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்குன்னு. ஒருநாள் இல்ல, இன்னிக்கே. ஏறுங்க பஸ்ல... பக்கத்துல நின்னாப் போதும்."

"உங்கப்பா கோவிச்சுக்கிட்டா?"

"கோவிச்சிக்கட்டும். அவரு கருத்தையும் கேட்டுக்கலாம்... ஆனா முடிவு என்னுது."

பஸ் நகர்ந்ததும் கண்டக்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "எங்கம்மா?"

தணிகாசலம் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள். "பென்னலூர். ரெண்டு பேரு."