பச்சைப் பட்டனைத் தட்டியது யார்?

அந்த ஆளின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் அப்படியே இருந்தது. கட்டிலருகே ஆக்சிஜன் தரும் மெஷினும் இருந்தது.

காற்றுதான் வரவில்லை!

மெஷின் நின்றால் தெருவையே எழுப்ப வேண்டிய அலாரம் வாயே திறக்கவில்லை. காலையில் அவரை உலுக்கிப் பார்த்த மனைவிதான் அலறினாள்...

மறுநாள் மதியத்துக்குள் இன்ஸ்பெக்டர் மெஷின் கம்பெனியில் இருந்தார். அவர் உள்ளங்கையில் மெஷினுக்குள் இருந்து எடுத்த, வீங்கி வெடித்த கெப்பாசிட்டர் என்ற ஒரு மின்சார பார்ட். பட்டாணி அளவுகூட இல்லை.

"சூடு தாங்காத மட்டமான பார்ட், இது வெடிச்சதுலதான் மெஷினும் அலாரமும் சேர்ந்தே நின்னுதுன்னு லேப்ல சொல்லிட்டாங்க. இதை மெஷினுக்குள்ளே விட்டது யாரு?"

எம்.டி. யோசிக்கவே இல்லை. எதிரே நின்றவளைக் கை காட்டினார்.

"இவங்கதான் சார். எங்க லைப்ரரியம்மா!"

"லைப்ரரியா? புத்தகமும் வாடகைக்கு விடறீங்களா?"

"புத்தகம் இல்ல சார்..." அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "மெஷின்ல போடற ஒவ்வொரு பார்ட்டும் கம்ப்யூட்டர்ல ஒரு லைப்ரரியில இருக்கும். டிசைன் பண்றது நாங்க. செஞ்சு தர்றது வெளியில ஒரு கான்ட்ராக்ட் ஃபேக்டரி. ரெண்டு பேருக்கும் அதே லைப்ரரிதான். ஒரு பார்ட் கிடைக்கலேன்னா ஃபேக்டரி மாத்துப் பார்ட் கேட்கும். நான் சோதிச்சுப் பார்த்து பச்சைப் பட்டனைத் தட்டினாத்தான் போடலாம்."

"தட்டினீங்களா?"

"இல்ல சார்! இதை வேண்டாம்னு திருப்பி அனுப்பினேன். பாதி விலைக்கு வருதுன்னு எம்.டி. சார்தான் குதிச்சாரு!"

"பச்சைப் பொய்!" எம்.டி. மேஜையைத் தட்டினார். "இவ பேர்லதான் பச்சை விழுந்திருக்கு. பார்த்துக்குங்க!"

விழுந்திருந்தது உண்மை. போன மாதம் அது விழுந்த அன்றைக்கு அவள் லீவு. காய்ச்சலில் துடித்த மகளோடு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு எம்.டி. போன் செய்தார். 'ஃபேக்டரியில வேலை நிக்குதும்மா, பாஸ்வேர்டைச் சொல்லு.' பாவி, சொல்லித் தொலைத்தாள்!

அதைச் சொல்லிப் பார்த்தாள்.

"பாஸ்வேர்டா? நானா?" எம்.டி. சிரித்தார். "சாட்சி இருக்கா?"

எங்கே போவாள் சாட்சிக்கு!

"கிளம்புங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடுவா சார்... வீட்ல வேற யாருமே இல்ல..."

"பக்கத்து வீட்ல சொல்லி வெச்சுடுங்க."

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வர்றேன் சார். ஆனா வெளியில ஓடிக்கிட்டிருக்கிற மெஷினையெல்லாம் முதல்ல நிறுத்தச் சொல்லுங்க!"

"கம்பெனியை இழுத்து மூடச் சொல்றியா?" எம்.டி. சீறினார். "சார், எங்க அம்மாவே எங்க மெஷின்லதான் மூச்சு விடறாங்க. போன வாரம் ஃபேக்டரியிலேர்ந்து வந்த புது டீலக்ஸ் மாடல்!"

அவள் எம்.டி. பக்கம் திரும்பினாள்.

"போன வாரமா? ஐயோ... உடனே வீட்டுக்குப் போன் பண்ணுங்க சார்! அம்மாவுக்கு சிலிண்டர் மாட்டச் சொல்லுங்க!"

"வாயை மூடு! செத்தவன் வெச்சிருந்தது சாதா மாடல்."

கெடுகுடி சொற்கேளாது என்பது சும்மாவா?

அப்போதுதான் எம்.டி.யின் செல்போன் அலறியது. அவர் மனைவி போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னங்க... அத்தை உடம்பு சில்லுனு கிடக்கு! மெஷின் நின்னுபோச்சு... அலாரம்கூட அடிக்கலைங்க!"

"இருக்காது!" எம்.டி. கத்தினார். "அது டீலக்ஸ்! சாதா மாடல்ல மட்டும்தானே நான் மாத்தினேன்!"



"எதை சார் மாத்தினீங்க?" இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்.

எம்.டி. செல்போனை அணைத்தார்.

லைப்ரரியம்மா அழுதாள். "எல்லா மாடலுக்கும் ஒரே லைப்ரரி சார். ஒண்ணுல மாத்தினா எல்லாத்துலயும் மாறிடும். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் மீட்டிங் போட்டேன்... நீங்கதான் வரவே இல்லையே!"

அவள் தப்பித்துவிட்டாள். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. மெஷின் வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தாள். முதல் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது... யாரும் எடுக்கவில்லை.

வாசலில் எம்.டி. ஜீப்பைப் பார்த்துத் தயங்கினார்.

"சார்... என் கார்லயே வர்றேனே..."

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"ஏறுங்க சார்! எங்ககிட்ட டீலக்ஸ் கிடையாது... எல்லாருக்கும் சாதா மாடல்தான்!"