சிறுநீரகம் கொடுக்க வந்த சித்தப்பா மகன்

சொந்தக்காரர் எதையாவது வாங்க வந்தால் யாரும் துப்பறிவாளரைத் தேடி ஓடுவதில்லை. கொடுக்க வந்தால்தான் ஓடுகிறார்கள். அந்தச் சனிக்கிழமை காலை கூலாய் நகரில் ஞானேஸ்வரியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய ஜெயபாலனும் அப்படி ஓடி வந்தவர்தான்.

ஞானேஸ்வரி இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழில் சொல்லப்பட்ட பொய்களை ஒரு சொல் குறையாமல் மலாயில் சொன்னதற்காக அரசாங்கம் அவருக்கு ஓய்வூதியம் தருகிறது; அடுத்தவர் பொய்களைத் துப்பறிவது இப்போதைய வேலை. பக்கத்தில், யாரும் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் லெட்சுமணன், ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் கடிதங்களைப் பிரிக்காமலே கொடுத்துவிட்டு வந்த ஏக்கத்தை இப்போது துப்பறிந்து தீர்த்துக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி புஷ்பவள்ளிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு மேடம்," என்றார் ஜெயபாலன். "நாலு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். எனக்கு சுகரு, என்னால கொடுக்க முடியாது. ரெண்டு மாசத்துக்கு முந்தி யுகேந்திரன்னு ஒருத்தன் வந்தான். உங்க சித்தப்பா மகன், என் கிட்னிய எடுத்துக்குங்கன்றான். டெஸ்ட் எல்லாம் பொருந்திடுச்சு."

"சித்தப்பா என்ன சொல்றார்?"

"அய்யாவு சித்தப்பா நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே கடல் தாண்டி சபா பக்கம் வேலைக்குப் போயிட்டாரு. எப்பவாச்சும் ஒரு கடுதாசி வரும். அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. இவன் ஐசில, அதான் அடையாள அட்டையில, அப்பா பேரு அய்யாவுன்னுதான் இருக்கு. ஆனா திங்கக்கிழமை நான் சத்தியம் பண்ணி, இவன் எங்க சொந்தம்தான்னு சூராட்ல, அந்தச் சத்தியக் கடுதாசியில, கையெழுத்துப் போடணுமாம். பொய்யின்னா நான் உள்ள போகணும், தங்கச்சி ஃபைலையும் மூடிடுவாங்க. போடலைன்னா அவ மெஷினோடயே கெடக்கணும்."

"சட்டம் தெளிவா இருக்கு லா," என்று லெட்சுமணன் உள்ளே புகுந்தார். "சொந்தக்காரங்க மட்டும்தான் கொடுக்கலாம். வெளியாளு கொடுத்தா கேஸு."

"எங்க படிச்சீங்க?" என்றார் ஞானேஸ்வரி.

"இதுக்குப் படிக்கணுமா மேடம்? நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்!"

ஞானேஸ்வரி ஜெயபாலனிடம் திரும்பினார். "அந்த யுகேந்திரனுக்கு உங்க குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"எல்லாம் சரியாத்தான் சொல்றான். 2019ல எங்க தாத்தா பாலோ ஊர்ல தவறினாரு. தைப்பூசத்துக்கு நாலு நாள் இருந்துச்சு. எனக்கு அந்த வருஷம் நேர்ந்துகிட்ட காவடி, அதோட நின்னுபோச்சு. சாவுக்குத் தானும் வந்ததாகவும், பாடையில ஒரு பக்கம் தூக்கினதாகவும், பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் தங்கினதாகவும் சொல்றான். முந்நூறு பேரு வந்த எழவு மேடம். யாரு தூக்குனான்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

அன்று மாலைக்குள் லெட்சுமணன் யுகேந்திரனின் முகநூலை அடிவரை தோண்டிவிட்டார். மறுநாள் ஜெயபாலன் வீட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியில் கைப்பேசியை ஞானேஸ்வரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். படத்தில் யுகேந்திரன் அலகு குத்தி, தோளில் மயில்தோகைக் காவடியோடு நின்றான். பின்னால் கட்டியிருந்த துணியில் 'தைப்பூசம் 2019' என்று கொட்டை எழுத்து.

"நல்ல பக்திமான் மேடம். இப்படிப்பட்டவன் பொய் சொல்வானா?"

"அருமையான படம்," என்றார் ஞானேஸ்வரி. பாராட்டு கிடைத்த மகிழ்ச்சியில் லெட்சுமணன் ஒரு சாலைச் சந்திப்பைத் தவறவிட்டு, சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

வீட்டில் புஷ்பவள்ளி மெலிந்து, ஆனால் கண்ணில் குறும்பு குறையாமல் உட்கார்ந்திருந்தாள். யுகேந்திரன் லெட்சுமணனைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டான். தன் துப்பறியும் புகழ் அதுவரை பரவிவிட்டது போலும் என்று லெட்சுமணன் எண்ணிக்கொண்டார்.

ஜெயபாலன் விருந்தாளிகளுக்கென நட்சத்திரப் பழத்தை நறுக்கி, தட்டைத் தங்கையின் முன்னாலேயே வைத்தார். யுகேந்திரன் அதை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினான். பிறகு ஒரு சின்ன ஃபிளாஸ்க்கைத் திறந்து, அவள் குவளையில் இரண்டே இரண்டு ஐஸ் கட்டிகளைப் போட்டான். அவள் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாள்.

ஞானேஸ்வரி தேநீரைக் குடித்து முடித்தார்.

"ஜெயபாலன், நீங்க அந்தக் கையெழுத்தைப் போட வேணாம். இவர் உங்க சித்தப்பா மகன் இல்லை."

ஜெயபாலன் தன் நாற்காலியை ஞானேஸ்வரியின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தாத்தா செத்தா மகன் வழிப் பேரனுக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயில் வாசலையே மிதிக்க மாட்டாங்க. அதனாலதான் உங்க காவடி நின்னுது. அதே தாத்தாவுக்குப் பாடை தூக்கி, காரியம் வரைக்கும் தங்கினவர், நாலாவது நாள் தைப்பூசத்துல அலகு குத்தி நிக்கிறார். முகநூல்லேர்ந்து படம் எடுத்தது லெட்சுமணன்."

"நான் எடுக்கல மேடம், கண்டுபிடிச்சதுதான்..."

"அலமாக், போச்சு," என்றாள் புஷ்பவள்ளி மெதுவாக. "அந்தப் படத்தை அழின்னு சொன்னேன்ல?"

ஜெயபாலன் தங்கையைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா?"

"குடும்பக் கதையெல்லாம் வேற யார் சொல்லிக் கொடுத்திருப்பா?" என்றார் ஞானேஸ்வரி. "இவர் அப்பா பேரும் அய்யாவுன்னு அமைஞ்சுது. காணாமப் போன சித்தப்பா வசதியாப் போயிட்டார். ஆனா கிட்னிக்காரங்களுக்கு நட்சத்திரப் பழம் விஷம்னு கூடப் பொறந்த உங்களுக்கே தெரியல. தண்ணிக்குப் பதிலா ஐஸ் கட்டி, அதுவும் எண்ணி. இதெல்லாம் ரெண்டு மாசத்துல வர்ற பழக்கம் இல்லை. தம்பி, உங்க வீட்டுல யாருக்கு டயாலிசிஸ்?"

யுகேந்திரன் குனிந்தபடியே சொன்னான். "அம்மாவுக்கு. இவங்க பக்கத்துப் படுக்கைதான். மூணு வருஷம். என் கிட்னி அம்மாவுக்குப் பொருந்தல. போன வருஷம் போயிட்டாங்க. அதுக்கப்புறமும் நான் அங்க போறது நிக்கல."

"அப்ப உள்ளதைச் சொல்லிட்டுக் கொடுக்கறது தானேடா!" என்றார் ஜெயபாலன்.

"சொந்தக்காரங்க மட்டும்தான் கொடுக்கலாம், இல்லன்னா கேஸுன்னாங்க."

"யாரு சொன்னா?"

யுகேந்திரன் மரியாதையாக, இரண்டு கையையும் சேர்த்து லெட்சுமணனைக் காட்டினான். "இந்த அங்கிள்தான். சாப்பாட்டுக் கடையில. மேசையைத் தட்டிச் சொன்னாரு."

முப்பத்திரண்டு வருடத்தில் நாய்க்குத் தவிர எதற்கும் பின்வாங்காத லெட்சுமணன், நாற்காலியோடு ஓரடி பின்னால் போனார்.

"சட்டம் அப்படி இல்லை," என்றார் ஞானேஸ்வரி. "உயிரோட இருக்கற வெளியாள் கொடுக்கறதா இருந்தா, சுகாதார அமைச்சோட குழு ஒண்ணு விசாரிக்கும். ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. விலை பேசலை, யாரும் கட்டாயப்படுத்தலைன்னு நம்பினா அனுமதி கொடுப்பாங்க. நம்பலைன்னா இல்லை. பொய்ச் சத்தியத்தோட போயிருந்தா முதல் கேள்வியிலேயே கதை முடிஞ்சிருக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லி, புது ஃபாரம் கேளுங்க."

"குழு இல்லாம, நிஜமாவே சொந்தமாயிட்டா?" என்றாள் புஷ்பவள்ளி, ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

"இனிமே சொந்தமானாலும் குழு வேணும்," என்றார் ஞானேஸ்வரி. "நீங்க சொல்ல வர்றது எனக்குப் புரியுது. அதையும் குழு விசாரிக்கும்."

யுகேந்திரனின் காது சிவந்தது. ஜெயபாலன் அவன் பக்கம் திரும்பினார். இரண்டு மாதமாக அவர் தம்பி என்று கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, உரிமையோடு மோட்டார் சைக்கிள் கழுவச் சொன்ன ஆள்.

"மேடம், அப்ப நான் இவனை என்னன்னுதான் கூப்பிடறது?"

"தம்பி வேலையிலேர்ந்து இவரை இன்னைக்கே நிறுத்திடுங்க. தங்கச்சிக்கும் அது நல்லது. குழு முடிவு வந்த பிறகு மாப்பிள்ளைன்னு வச்சுக்கலாம், அது வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

ஜெயபாலன் எழுந்து நட்சத்திரப் பழத் தட்டை எடுத்துப்போய்க் குப்பைக்கூடையில் கொட்டினார். திரும்பி வந்து, "யுகேந்திரன்," என்று ஒத்திகை பார்ப்பதுபோல் அழைத்தார். "சாப்பிட்டுட்டுப் போ."

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கதவு திறப்பதற்கு முன்பே, கையில் நீல உறையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நேரில் கொடுக்கும்வரை நகரமாட்டேன் என்றார். உள்ளே புஷ்பவள்ளியும் யுகேந்திரனும் கையெழுத்திட்ட இரண்டு பக்க உண்மையும், அதோடு இணைத்த மூன்றாவது பக்கமும் இருந்தன. அதில் பொய்யான சட்டத்தைச் சாப்பாட்டுக் கடையில் பரப்பியது யார் என்பது பெயர், முகவரி, அஞ்சல் குறியீட்டோடு தெளிவாக எழுதப்பட்டிருந்தது. லெட்சுமணன் தன் வாழ்நாளில் விநியோகித்த கடிதங்களில், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த முதல் கடிதம் அதுதான்.