சிவக்காத கைகள்

பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி முதலில் கையை நீட்டினார்கள். செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழி நகரில் ஜாதகத்துக்கு முன்னால் கையில் ஒட்டும் வில்லை. காசநோய்க் கிருமியின் புரதங்களை வேறொரு சாதுவான கிருமிக்குள் வளர்த்தெடுத்துத் தடவிய வில்லை அது. அந்த நோயை ஒருமுறை சந்தித்த உடம்பின் டி அணுக்கள், ரத்தத்தில் ஓடும் காவல் அணுக்கள், அதை மறப்பதில்லை. புரதம் பட்டதும் கை சிவக்கும். காப்பி குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும். சிவந்தால் சம்பந்தம் இல்லை.

இதுவரை யார் கையும் சிவந்ததில்லை.

வில்லை ஒட்டும் எஸ்தருக்குக் காரணம் தெரியும். வருமுன் எல்லோரும் தோல்மூடி பூசிக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பசையைத் தாண்டிப் புரதம் இறங்காது. அவளும் பவுடர் போடுவதுபோலத் தினமும் பூசிக்கொள்வாள். வில்லை ஒட்டுகிறவள் கையே சிவந்தால் வேலை போய்விடும்.

ஆனால் அவள் தம்பி ரூபன் அதே காசநோயில் எந்த மாத்திரைக்கும் அடங்காமல் இருமிக்கொண்டிருந்தான். கிருமியை ஜெயித்து நடமாடும் ஒருவரின் டி அணுக்கள் கிடைத்தால் வளர்த்து அவனுக்கு ஏற்றலாம். கேட்ட இடமெல்லாம் சுத்தமான உடம்பாம். மூடிய குமிழிக்குள் நோய் வானத்திலிருந்தா விழுந்தது?

இன்று விடுவதாக இல்லை. வில்லைக்கு முன் எல்லோர் கையையும் பசை போக ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தாள்.

"என்னம்மா இது புதுசா?" மாப்பிள்ளையின் அப்பா மாசிலாமணி கையை இழுத்தார்.

"புது ரூல் சார். காட்டுங்க."

காப்பி ஆறுவதற்குள் இரண்டு வீட்டுக் கைகளும் திட்டுத்திட்டாகச் சிவந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? தட்டை மாத்திக்கலாம். வெளிய மூச்சு விடக்கூடாது."

"ஒருத்தராவது ரத்தம் குடுங்க சார். என் தம்பி செத்துடுவான்."

"பேர் வெளிய வந்துடுமே!" என்றாள் அவர் மனைவி. "எங்களைத் துடைச்சியே, உன் கை என்ன மகாராணி கையா?"

எஸ்தர் விறுவிறுவென்று தன் கையைத் துடைத்து வில்லையை ஒட்டினாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிவந்தது. ஊரெல்லாம் தேடியவள் தன் தோலை ஒருநாளும் சோதித்ததில்லை.

அங்கேயே ஊசியை எடுத்துத் தன் ரத்தத்தைத் தானே உறிஞ்சினாள்.

வளர்த்த அணுக்கள் ரூபனுக்குள் ஏறின. சில வாரங்களில் எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா, யாரு குடுத்தது?"

எஸ்தர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாரோ. நாலாம் குமிழிக்காரங்க."

"அதானே பார்த்தேன்," என்று முகம் சுளித்தான் ரூபன். "இந்த நோயெல்லாம் அவங்களுக்குத்தான் வரும்."